வாங்க மறுத்த தபால்

ஜூன் 3, திங்கள்

இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. போன திங்கட்கிழமை சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில், நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் பம்பரில் ஏறிக் கண்ணாடி துடைக்கும்போது வழுக்கி விழுந்து இடது காலை முறித்துக்கொண்டேன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருந்திருக்கும். ஆறு வாரம் மாவுக்கட்டு. வாசலறைச் சன்னலோரம் கட்டிலைப் போட்டு என்னைக் கிடத்தியிருக்கிறார்கள்.

இந்த டைரி மகள் சுபாஷினி கொடுத்தது. திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவு முடிந்து போகும்போது, "அப்பா, எம்மாவ நொய்நொய்னு கேள்வி கேக்காம எல்லாத்தையும் இதுல எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேளாவேளைக்கு லாக் ஷீட்டில் 'அய்யாத்துரை' என்று கையெழுத்துப் போடுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். இருந்தாலும் எழுதுகிறேன். வேறு என்ன செய்ய?

ஜூன் 5, புதன்

என் மனைவி தங்கபுஷ்பம் வக்கீல் லூர்துமேரி ஆபீசில் ஒன்பது வருடமாக டைப்பிஸ்ட். காலையில் ஒன்பதரைக்குப் போவாள், மதியம் வந்து எனக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி போவாள், ஆறு மணிக்குத் திரும்புவாள். இது எனக்குத் தெரியும். தெரியாதது, ஆறு மணிக்குப் பிறகும் ஆபீஸ் முடிவதில்லை என்பது. நான் வழக்கமாக ஒன்பது மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருவேன், அதற்குள் எல்லாரும் போயிருப்பார்கள் போல.

இன்று மாலை மட்டும் மூன்று பேர் வந்தார்கள். ஒரு அம்மாவுக்கு வாரிசுச் சான்றிதழுக்கு என்னென்ன காகிதம் வேண்டுமென்று தெரியவேண்டும். ஒருவருக்கு வாய்தா தேதி மறந்துவிட்டது. இன்னொருவர் சம்மனை வைத்துக்கொண்டு உட்காராமலே நின்றார். புஷ்பம் அரிவாள்மணையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே மூன்று பேருக்கும் பதில் சொன்னாள். சம்மன்காரரிடம், "பயப்படாதீய, இது சாட்சிக்குத்தான் கூப்பிடுதாவ, உங்க மேல கேஸ் இல்ல" என்றாள். மனுஷன் அங்கேயே ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இருபத்தொரு வருடம் கூட வாழ்ந்த பெண்ணை நான் புதிதாகப் பார்க்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் சாப்பாட்டு நேரத்தில்.

ஆன்லைனில் ஒரு வருடப் படிப்பாம். சட்ட உதவியாளர் டிப்ளமோ. பிளஸ் டூ போதும். வாரம் நான்கு நாள் மாலை ஏழிலிருந்து எட்டரை வரை வகுப்பு, வீட்டிலிருந்தே பார்க்கலாம். பரீட்சைக்கு மட்டும் மதுரை போகவேண்டும்.

"நாப்பத்தோரு வயசுல படிப்பு ஏறுமா, அதுலயும் போன்ல பாத்துப் படிச்சு எழுதிருவனான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. நீங்க என்ன சொல்லுதீய?"

"உன் இஷ்டம்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு ரசம் ஊற்றினாள். நான் எதற்கும் குறுக்கே நிற்கிற ஆளில்லை.

ஜூன் 8, சனி

பதினோரு மணிக்கு ஆபீசிலிருந்து போன். "அத்தான், ஒரு ஓடிபி வந்திருக்கும், வாசிங்க." எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர், ஆதார், ஸ்கூல், எல்லாவற்றிலும் என் நம்பர்தான். அவளிடம் போன் வந்து ஏழெட்டு வருடமாகிறது, ஆனாலும் விண்ணப்பம் என்றால் கை தானாக என் நம்பரை எழுதிவிடும் போல. எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். "சரி, விண்ணப்பம் போயிட்டு. இடம் கிடைச்சா உங்க நம்பருக்குத்தான் மெசேஜ் வரும், பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

ஜூன் 12, புதன்

வக்கீலம்மா சாத்துக்குடியோடு என்னைப் பார்க்க வந்தார். புஷ்பம் காபி போட உள்ளே போனதும் நானே பேச்சை எடுத்தேன்.

"புஷ்பத்துக்கு நான் ஆசை காட்ட மாட்டேன் அண்ணாச்சி" என்றார். "இதப் படிச்சா வக்கீல் ஆக முடியாது. கோட்டு கிடையாது. கோர்ட்டுல எந்திரிச்சு நின்னு பேச முடியாது."

"பெறவு எதுக்கு மேடம் படிக்கணும்?"

"இப்ப அவ பாக்குத வேலைக்கு டைப்பிஸ்ட்னு பேரு. டைப் அடிக்கிறது அதுல கால்வாசிதான். கட்சிக்காரங்க சொல்லுத கதையக் கேட்டு, தேதி வாரியா எழுதி, எந்தக் காகிதம் இருக்கு எது இல்லன்னு பாத்து எம் மேசைக்குக் கொண்டுவாறது அவதான். அந்த முக்கால்வாசி வேலைக்குப் பேரே இல்ல அண்ணாச்சி. நாளைக்கு எனக்கு உடம்பு முடியாம ஆபீஸப் பூட்டுனா, இவ இன்னொரு ஆபீஸ்ல மொதல்ல இருந்து டைப்பிஸ்ட்டாத்தான் உக்காரணும். அதான் அவ கேக்கும்போது சேருன்னு சொன்னேன்."

காபி வந்தது. புஷ்பம் வாசல் பக்கம் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். வக்கீலம்மா சொன்னதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. சாத்துக்குடி கொஞ்சம் புளித்தது.

ஜூன் 15, சனி

என் கண்டக்டர் கோயில்பிச்சை வந்தான். என் பஸ்ஸை இப்போது புளியங்குடிப் பையன் ஒருவன் ஓட்டுகிறானாம், கியர் மாற்றும்போது பின்சீட்டுக்காரன் முன்சீட்டுக்கு வந்துவிடுகிறானாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. படிப்பு விஷயம் அவன் காதுக்கு எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. "அண்ணாச்சி, இனிமே ஸ்டாண்டுல உங்கள வக்கீலம்மா வீட்டுக்காரர்னுதான் கூப்பிடணும். ஒரு கேஸ்ல மாட்டுனா வீட்டுக்குள்ளயே முடிச்சிரலாம்" என்றான். அவனைவிட நான்தான் பலமாகச் சிரித்தேன்.

ஜூன் 17, திங்கள்

போனில் ஒரு மெசேஜ். ஆங்கிலம். கேஸ் சிலிண்டர் கம்பெனியாக இருக்கும்.

ஜூன் 18, செவ்வாய்

"ஏதும் மெசேஜ் வந்துச்சா அத்தான்?" என்று செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள். சிலிண்டர் புக் ஆனது பற்றி வந்திருக்கிறது என்றேன். அதுவும் வந்தது உண்மைதான்.

நேற்று வந்ததில் ஜூலை 10 என்று ஒரு தேதி இருக்கிறது. இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

எதிர்வீட்டுப் பேச்சியக்காவுக்குப் பதிவுத் தபால் வந்தது. தனியாக இருக்கும் மனுஷி, இட்லி மாவு ஆட்டி விற்கிறார். உறை மேல் தென்காசி வக்கீல் ஒருவரின் முத்திரை. அனுப்பச் சொன்னது அக்காவின் கொழுந்தனாராக இருக்கும், பக்கத்துச் சந்துச் சுவர் விஷயமாக அவருக்கும் அக்காவுக்கும் வெகுநாளாக முறுக்கல். அக்கா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்து, "தம்பி, வாங்கவா வேண்டாமா?" என்றார்.

இதற்கெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. "வாங்காதீயக்கா! கையெழுத்துப் போட்டாத்தான் வம்பு. வாங்கலன்னா அவியளால ஒண்ணும் பண்ண முடியாது" என்று கட்டிலில் இருந்தபடியே சத்தம் கொடுத்தேன். தபால்காரர் மாரிச்செல்வம் உறையில் 'வாங்க மறுத்துவிட்டார்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அக்கா எனக்கு ஒரு கிண்ணம் மாவு கொடுத்தனுப்பினார். படுத்த இடத்திலிருந்தே ஒருவருக்கு உதவ முடிந்தது.

அதே நாள், மாலை

புஷ்பம் மாவைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். முகம் மாறிவிட்டது.

"என்ன காரியம் பண்ணுனீய அத்தான்? வாங்க மறுத்தா, வாங்குன மாதிரிதான். தபால் வந்துச்சு, வேணும்னே வாங்கலன்னு ஆயிரும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே, தெரிஞ்ச ஆளுன்னு ஆயிரும். பதில் சொல்லுத வாய்ப்பும் போயிரும்."

"எல்லாரும் இப்படித்தான் செய்யுதாவ."

"எல்லாரும் செய்யுதாவ. அதனாலதான் எங்க ஆபீஸ்ல கூட்டம்."

ஜூன் 21, வெள்ளி

காலை ஏழே முக்காலுக்கே பேச்சியக்காவைக் கூட்டிக்கொண்டு தபாலாபீஸ் போய்விட்டாள். திருப்பி அனுப்பும் பை கட்டும் முன்பு மாரிச்செல்வத்தைப் பிடித்து, போஸ்ட் மாஸ்டரிடம் அக்காவை எழுதிக் கொடுக்கவைத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிவந்துவிட்டாள். எனக்குச் சமைத்து வைக்க நேரமில்லை. நேற்று வந்த மாவில் தோசை ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். அதைச் சாப்பிடும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நோட்டீசில் இருப்பது இதுதான். சந்துச் சுவரை அக்கா போன வருடம் புதிதாக ஆக்கிரமித்துக் கட்டினாராம், பதினைந்து நாளுக்குள் இடிக்க வேண்டுமாம்.

ஜூன் 22, சனி

இன்று நான் பார்த்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

பேச்சியக்காவை என் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்தாள். மடியில் நோட்டு. "சுவரு எப்பக்கா கட்டுனது?" அக்கா தன் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தார். மாமியார் கொடுமை, மாடு செத்தது, கொழுந்தனார் கல்யாணத்தில் இலை போடாதது. நானாக இருந்தால் இரண்டாவது நிமிடம் ஹாரன் அடித்திருப்பேன். புஷ்பம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் நோட்டில் எழுதவில்லை. "மாடு செத்த வருசம் சுவரு இருந்துச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அக்கா யோசித்து, "இருந்துச்சே, அந்தச் சுவத்துலதான மாட்டக் கட்டியிருந்தேன்" என்றார். அப்போது எழுதினாள்.

அப்படியே ஒவ்வொன்றாக. புலம்பலுக்குள் கையை விட்டு வேண்டியதை மட்டும் எடுத்தாள், அரிசியில் கல் பொறுக்குவது போல. அக்காவுக்குத் தன்னை யாரும் அடக்கியதாகத் தோன்றவே இல்லை.

பிறகு, "சுவரு தெரியுத மாதிரி பழைய போட்டோ ஏதாவது இருக்காக்கா? வீட்டு விசேஷம் எதும்?" என்றாள். அக்கா ஓடிப்போய் மகளுடைய மஞ்சள் நீராட்டு ஆல்பத்தைக் கொண்டுவந்தார். பந்தல், தாய்மாமன் சீர், குட்டிப்பிள்ளைகள். எல்லாரும் பெண்ணைப் பார்த்தோம். புஷ்பம் பெண்ணுக்குப் பின்னால் பார்த்தாள். பன்னிரண்டாவது படத்தில், வாழைமரத்துக்கும் மைக்செட் பெட்டிக்கும் நடுவில் அந்தச் சுவர் முழுதாக நிற்கிறது. அதில் சாய்ந்துகொண்டு பாயசம் குடிப்பது சாட்சாத் அந்தக் கொழுந்தனார்! படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி இருக்கிறது. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

எனக்குக் கட்டிலில் இருந்து எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. கால்தான் விடவில்லை.

கடைசியில் எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டி, "நீங்க சொன்னதுதானக்கா? எதையும் நான் கூட்டிச் சொல்லலியே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் கேட்ட விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு ஏழை மனுஷியின் பேச்சை அவரிடமே ஒப்படைத்து, சரிதானா என்று கேட்டது போல இருந்தது.

ஜூன் 24, திங்கள்

மறுபடி ஒரு மெசேஜ். புஷ்பம் கேட்டதற்கு, டவர் சரியில்லை என்றேன். டவரும் சரியில்லைதான், மதியம் கொஞ்ச நேரம்.

ஜூன் 27, வியாழன்

பதில் நோட்டீஸ் போய்விட்டது. புஷ்பம் தயார் செய்ததில் வக்கீலம்மா ஒரு வரியைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டாராம். இதைச் சொன்னது புஷ்பம் இல்லை. பேச்சியக்கா சொன்னார், தெருவுக்கே கேட்கும்படி.

மாலையில் ஓசியில் காட்டும் மாதிரி வகுப்பு ஒன்றைப் போனில் பார்த்தாள். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். நடுவில் படம் நின்று வட்டம் சுற்றியது. அவள் அசையவில்லை. வட்டத்தையே பார்த்துக்கொண்டு பேனாவோடு காத்திருந்தாள். முடிந்ததும், "பாதிதான் புரிஞ்சுது அத்தான். ஆனா அந்தப் பாதி நான் ஒன்பது வருசமா செய்யுதது. அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள். பிறகு, "இடம் கிடைக்கலன்னா ஒண்ணுமில்ல, விட்டுருவேன்" என்றாள்.

நான் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். சூடாக இருந்தது, அதனால்தான்.

ஜூலை 1, திங்கள்

இன்றிலிருந்து குற்றவியல் சட்டமெல்லாம் புதிதாம், பிரிவு எண்கள் எல்லாமே மாறிவிட்டதாம். நானூற்றிருபது இனி நானூற்றிருபது இல்லை! முந்நூற்றுப் பதினெட்டாம். எங்கள் முதலாளியை இனி என்ன சொல்லித் திட்டுவது என்று கோயில்பிச்சைக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

புஷ்பம் கண்ணெல்லாம் வெளிச்சமாக வந்தாள். "பெரிய பெரிய வக்கீலெல்லாம் கையில சீட்டு வச்சுக்கிட்டுப் பாத்துப் பாத்து எழுதுதாவ அத்தான். முப்பது வருசம் பிராக்டீஸ் பண்ணவியளும் இன்னிக்கு ஒண்ணாங்கிளாஸ். நானும் ஒண்ணாங்கிளாஸ். இந்த வருசம் படிச்சாத்தான் உண்டு. நான் முடிவு பண்ணிட்டேன். இடம் மட்டும் கிடைக்கட்டும்."

மூன்றாவது மெசேஜ் காலை பத்து மணிக்கே வந்திருந்தது.

ஜூலை 3, புதன்

புஷ்பம் இன்று எதுவும் கேட்கவில்லை. தினமும் கேட்பாள்.

ஜூலை 4, வியாழன்

இன்றும் கேட்கவில்லை. மீன்குழம்பு வைத்திருந்தாள். முள் எடுத்துக் கொடுத்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூலை 6, சனி

பேச்சியக்காவின் கொழுந்தனார் நேரில் வந்தார். தென்காசி வக்கீல் அந்தப் போட்டோவின் நகலைப் பார்த்துவிட்டு, சமாதானமாகப் போகச் சொல்லிவிட்டாராம். பாயசம் குடித்த மனுஷன் அக்கா வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார். தெருவே புஷ்பத்தைக் கொண்டாடுகிறது. அவள் சிரித்தாள், ஆனால் சன்னல் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு, "தபாலாபீஸ் வரைக்கும் போயிட்டு வாறேன்" என்று கிளம்பினாள். ஆபீஸ் தபாலாக இருக்கும்.

ஜூலை 8, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கால் என் கால் மாதிரியே இல்லை, இளைத்து வெளுத்து யாருடையதோ போல இருந்தது. டாக்டரிடம் கிளட்ச் மிதிக்கலாமா என்று கேட்டேன். "மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆட்டோவில் புஷ்பம் என் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

ராத்திரி மணி பத்தாகிவிட்டது. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பதினொன்றரை மணிக்கு மாரிச்செல்வம் வந்தார். நேரே எதிர்வீட்டுக்குப் போவார் என்று பார்த்தால், நம் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணே, உங்களுக்குப் பதிவுத் தபால்."

"எனக்கா? யாருட்ட இருந்து?"

"அனுப்புநர் பேரப் பாருங்க."

முத்து முத்தாக டைப் அடித்த உறை. அனுப்புநர்: தங்கபுஷ்பம். விலாசம் எங்கள் வீட்டு விலாசம். பெறுநர்: அய்யாத்துரை. விலாசம் அதே விலாசம், அதற்குக் கீழே 'சன்னலோரக் கட்டில்' என்று வேறு. புஷ்பம் ஆபீசுக்குப் போய் இரண்டு மணி நேரமாகிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. உறையைத் தொடவில்லை. மாரிச்செல்வம் பேனாவை நீட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்பு வராமல் சமாளித்தபடி, "வாங்கலன்னா சொல்லுங்கண்ணே, மறுத்துட்டாருன்னு எழுதிக்கிடுதேன்" என்றார். எதிர்வீட்டு வாசலில் பேச்சியக்கா மாவுக் கையோடு நின்று, "வாங்குங்க தம்பி! வாங்கலன்னாலும் வாங்குன மாதிரிதானாம்!" என்று சத்தம் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டேன். ஒப்புகை அட்டையிலும் போட்டேன். உள்ளே இருந்ததை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்:

"ஐயா,

1. தாங்கள் என்னை இருபத்தொரு வருடமாக நல்லபடியாக வைத்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை.

2. நான் மேற்படிப்புக்கு விண்ணப்பித்ததில் எனக்கு இடம் கிடைத்து, ஜூலை 10-க்குள் சேர வேண்டும் என்ற தகவல் ஜூன் 17, ஜூன் 24, ஜூலை 1 ஆகிய மூன்று தேதிகளில் தங்கள் கைப்பேசிக்கு அனுப்பப்பட்டிருப்பதாக, நான் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டதில் தெரியவருகிறது. தாங்கள் அதை என்னிடம் தெரிவிக்காமல் இருந்து வருகிறீர்கள்.

3. என் நம்பர் இருக்க, தங்கள் நம்பரை எழுதியது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

4. நான் சேரட்டுமா என்று கேட்டபோது தாங்கள் 'உன் இஷ்டம்' என்றீர்கள். அது பதில் ஆகாது. வேண்டாம் என்று நினைத்தால் அதை என் முகத்துக்கு நேரே சொல்லத் தங்களுக்கு உரிமை உண்டு. சொல்லாமலே என் இடத்தைப் போகவிட உரிமை இல்லை.

5. ஆகவே இந்த நோட்டீஸ் கிடைத்த அன்று மாலை ஆறு மணிக்குள் தங்கள் மனதில் உள்ளதை உள்ளபடி தெரிவிக்க வேண்டியது. தவறினால், தங்கள் மீது சட்டப்படி எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டேன். வருத்தப்படுவேன்.

இப்படிக்கு,
தங்கபுஷ்பம்."

கடைசி வார்த்தையில் என் கண் நிறைந்துவிட்டது. ஒரு புண்படுத்தும் சொல் இல்லை. ஒரு பொய் இல்லை. தன் தவறைக்கூட விடாமல் மூன்றாவதாக எழுதியிருக்கிறாள். அவள் நேரில் சண்டை போட்டிருந்தால் நான் காலைக் காட்டி ஜெயித்திருப்பேன். இந்தக் காகிதத்திடம் காலைக் காட்ட முடியாது. என்னை மடக்கியவளைப் பார்த்து இப்படிப் பெருமைப்படுகிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஆறு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நோட்டீஸ் என் மடியில் இருந்தது.

"உள்ளபடி சொல்லட்டா?" என்றேன்.

"சொல்லுங்க."

"பயமா இருக்கு புஷ்பம். நான் மறுபடி ஸ்டியரிங் பிடிப்பனான்னு தெரியல. நான் இந்தச் சன்னல்லயே உக்காந்திருப்பேன். நீ ஏறிப் போயிருவ. வண்டி போன பெறவு ஸ்டாப்புல நிக்கிறவன் மாதிரி ஆயிருவனோன்னு நினைச்சேன். அதான் மெசேஜப் பாக்காத மாதிரி இருந்துட்டேன். கோயில்பிச்சை கேலி பண்ணதும் உறுத்திட்டு. தப்புத்தான்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இளைத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா, நோட்டீஸ் செலவு மிச்சம்லா?"

"என் டைரியப் படிச்சியா?"

"படிக்கல. நான் வரும்போதெல்லாம் டைரியையும் போனையும் சேத்துத் தலகாணிக்கு அடியில தள்ளுனீயள்ளா, அதுலயே தெரிஞ்சுபோச்சு. ஆனா உங்க வாயால வரணும்னு இருந்தேன். இன்னிக்கும் வரலன்னா நாளைக்கு என்ன செய்யப்போறேன்னு எனக்கே தெரியாம இருந்துச்சு."

போனை எடுத்து அவள் கையில் வைத்தேன். திருப்பி என்னிடமே கொடுத்தாள். "இந்த ஒரு தடவ நீங்களே வாசிங்க." அவள் தன் போனில் பக்கத்தைத் திறந்து எதையோ அழுத்தினாள். என் போன் அதிர்ந்தது. ஆறு எண்கள். ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். "சேந்தாச்சு" என்றாள். பிறகு, "நம்பரையும் மாத்திட்டேன்" என்றாள்.

ஜூலை 11, வியாழன்

மாரிச்செல்வம் மறுபடி வந்தார். இந்த முறை புஷ்பத்துக்கு, நான் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை. "அண்ணே, இந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவுல நான் அலையுதேன்" என்றார். பேச்சியக்கா அவருக்குக் காபி கொடுத்தார்.

ஜூலை 22, திங்கள்

முதல் வகுப்பு. ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது புஷ்பம் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். புதுக் கோப்பு ஒன்று வாங்கியிருக்கிறாள். அதில் முதல் காகிதமாக அந்த ஒப்புகை அட்டை இருக்கிறது, என் கோணல் கையெழுத்தோடு. "பாடக் காகிதம் வைக்கிற இடத்துல இது எதுக்கு?" என்றேன். "நானா அனுப்பின மொத நோட்டீஸ்லா" என்றாள்.

அவளுக்கு அரிசி டப்பா தேவைப்படுகிறது என்பதால் இரண்டு ஆழாக்கு அரிசியை முன்பே அளந்து எடுத்துவைத்திருந்தேன். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். கோயில்பிச்சை போன் போட்டான். "என்ன அண்ணாச்சி, என்ன செய்யுதீய?"

"மெதுவாப் பேசு" என்றேன். "வீட்டுல கிளாஸ் நடக்கு. நான் வக்கீலம்மா ஆபீஸ் புஷ்பம் வீட்டுக்காரன், சோறு வடிக்கேன்."